டங் மாஸ்டரின் நாலடிக் குழாய்

டங் மாஸ்டர் தட்டிப் பார்க்காத இரும்பு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இல்லை. லாரியில் ஏறிய சரக்கைக்கூட இறக்கச் சொல்லித் தட்டியிருக்கிறார்.

ராயபுரத்தில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுப்பவர். கையில் எப்போதும் ஒரு சின்ன சுத்தியல். இரும்பில் காதை வைத்து டங் என்று ஒரு தட்டு. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் எனக்கு இன்றும் தெரியாது.

நூற்றிருபது பேர் சேர்ந்து பாட, ஒரு மணி நேரப் பாட்டு ஒன்றை அவரே கட்டியிருந்தார். அதற்குச் சுருதி கொடுக்கத்தான் இரும்பு தேடினார்.

"ஆர்மோனியம் இல்லியா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"அது புழுக்கத்துல பொய் சொல்லும் நைனா. இரும்பு சொல்லாது."

நான் சரக்கு பார்க்கும் கிடங்கில்தான் அது கிடைத்தது. நாலடிக் குழாய். ஒரு முனை நசுங்கினது. சங்கிலியில் தொங்கவிட்டுத் தட்டினார். ஓசை அடங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. பிறகு குழாய்க்கு முத்தம் கொடுத்தார். உதட்டில் துரு. துடைக்காமலே டீ குடித்தார்.

அன்றிலிருந்து ஆறு மாதம், வேலை முடிந்ததும் எங்கள் கிடங்கில் ஒத்திகை. ஆள் பிடித்ததும் அங்கேயேதான். இரும்பு வெட்டுகிற பாய் பாடினார். லோடு ஏற்றுகிறவர்கள் பாடினார்கள். டீக்கடை அக்கா பாடியது. என் சம்சாரம் கன்னியம்மா மீன் விற்கிறவள். அவளை முன்வரிசையில் நிறுத்தினார்.

என்னையும் பாடச் சொன்னார். பாடினேன். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"உனுக்கு நல்ல மனசு நைனா. நீ குழாயப் பாத்துக்கோ."

வயிறு எரிந்தது.

இருபது வருஷமாக நான் கூப்பிட்டால் கன்னியம்மா மூன்றாவது தடவைதான் திரும்புவாள். மாஸ்டர் ஒரு விரலைத் தூக்கினால் மூச்சு விடாமல் நிற்பாள். வீட்டில் குழம்பு கொதிக்கும்போதும் அதே பாட்டு.

"அந்தாளு விரல்ல இன்னா மந்திரமா கீது?" என்றேன்.

"உன் விரல்ல இன்னா கீது? பீடிதான கீது," என்றாள்.

மேடையேறும் நாள் நெருங்க நெருங்க மாஸ்டருக்குக் கிறுக்கு முற்றிப் போனது. கப்பல் சங்கு ஊதினால், "அரை சுதி கம்மி" என்று துறைமுகத்தைப் பார்த்து முறைப்பார். டோல்கேட் சிக்னலில் ஹாரன் அடித்த லாரிக்காரரிடம் போய், "இன்னொரு தபா அடிபா" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் அவர் பின்னாலேயே போனார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மேடையேறுவதற்கு முதல் நாள், சனிக்கிழமை, ஒருத்தர் துண்டுக் குழாய் வாங்க வந்தார். அவர் கேட்ட கணக்கில் ஒன்று குறைந்தது. மூலையில் சாக்கு போர்த்தி மாஸ்டர் குழாய் இருந்தது. சாக்கை எடுத்தேன். வண்டியில் ஏற்றிவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிறு சாயங்காலம், காலடிப்பேட்டைக் கல்யாண மண்டபம். உட்கார இடமில்லை. குழாயைக் கொண்டுவருவது என் வேலை. வெறுங்கையோடு போய் நின்றேன்.

"குழாய் எங்க நைனா?"

"வித்துட்டேன் மாஸ்டர்."

சுத்தியலால் அடிப்பார் என்று நினைத்தேன். அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். நூற்றிருபது பேரும் ஆளுக்கொரு சுருதியில் முனகிப் பார்த்தார்கள். மீன் ஏலம் மாதிரி இருந்தது.

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யோவ், பேஜாரு பண்ணிட்டியேயா," என்றாள். மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "மாஸ்டர், இந்தாளு குளிக்கறப்பகூட அந்தக் குழாயாட்டமே முனகிக்கினு கீறாரு. தட்டிப் பாரு."

அது எனக்கே தெரியாது.

மாஸ்டர் எழுந்து வந்தார். என் மார்பில் காதை வைத்தார். சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு.

"வுடு நைனா."

வாயை மூடிக்கொண்டு முனகினேன். மாஸ்டர் கண்ணை மூடினார். என் மூச்சு தீரும்வரை திறக்கவில்லை. பிறகு விரலைத் தூக்கினார். நூற்றிருபது தொண்டையும் என்னிடமிருந்து சுருதியை எடுத்துக்கொண்டன.

பாட்டு முடிந்து கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். முதல் தடவையே திரும்பினாள்.

குழாயைப் பற்றி மாஸ்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருஷம் மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார்.

இப்போது புதுச் சரக்கு இறங்கினால் நான் தட்டிப் பார்க்கிறேன். அந்த ஓசை வந்தால் எடுத்துச் சாக்கு போர்த்தி வைக்கிறேன். மூன்று சேர்ந்திருக்கிறது. யார் கேட்டாலும் விற்பதில்லை.