கிடுகு வேலியால் வளர்ந்த நகரம்

உலகின் பெருநகரங்கள் யாவும் மன்னராலும் மாலுமியராலும் எழுப்பப்பட்டவை என்பர் கற்றோர். திருகோணமலைத் துறைமுக வீதி மட்டும், தென்னோலை முடைந்த ஒரு கிடுகு வேலியால் வளர்ந்தது. இவ்வரும்பணியை ஆற்றியவர், நகர் அழகுபடுத்தற் குழுவின் தலைவர் திருவாளர் சோமசேகரம் அவர்களே ஆவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டில், கடற்கரைத் திடலில் அமைந்த அலங்கார நீரூற்றைத் திறந்துவைக்கக் கொழும்பிலிருந்து மந்திரி வருவதாயிற்று. மந்திரி மனம் வைத்தால் கிடைக்கும் சமாதான நீதவான் பட்டத்தின் ஆசை சோமசேகரத்தின் நெஞ்சில் முளைவிட்டது. ஆயின், மந்திரியின் கார் வரும் வழியிலே, மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் துறைமுக வேலை தேடி வந்தோரின் குடிசைகள் நின்றன. மூட்டை தூக்குவோர், மீன் விற்போர், இடியப்பம் அவிப்போர். இவர்களின்றி நகரத்தின் காலைப்பசி ஆறாது. எனினும் இவர்கள் ‘நகர மாந்தர்’ அல்லர். தண்ணீர்க் குழாய் ஒன்று கேட்டுப் பலமுறை வந்தனர். “நகரில் நீர் போதாது” என்று குழுவும் பலமுறை மிகுந்த கவலையுடன் தீர்மானித்தது.

இம்முறை, குடிசைகளை வேலியால் மறைப்பதெனத் தீர்மானமாயிற்று. கட்டுவது யார் என்ற வினா எழுந்ததும் குழுவினர் தத்தம் சலவை வேட்டியை நோக்கினர். ஆதலால் குடிசைவாசி அபூதாஹிர் அழைக்கப்பட்டார்.

“கட்டலாம் ஐயா. ஆரை மறைக்க?”

“நகரத்தின்ர ‘அசௌகரியத்தை’.”

“எங்களையோ? அப்ப அளவெடுக்கத் தேவையில்ல.”

வேலி எழுந்தது. மூதூரிலிருந்த மைத்துனர்களுக்கு அபூதாஹிர் சொல்லியனுப்பினார்: “மச்சான், இஞ்ச கவுண்மேந்து ஒரு சுவர் சும்மா தந்திருக்கு. மிச்சம் மூண்டையும் நாம போட்டா வீடு.”

அடுத்த லாஞ்சுப் படகிலேயே மைத்துனர்கள் வந்திறங்கினர். மந்திரி வருகைக்கு முன்தினம் மேற்பார்வைக்குச் சென்ற சோமசேகரம் திடுக்கிட்டார். வேலி முடிந்த இடத்துக்கு அப்பாலும் குடிசைகள்!

“பிடுங்கும் வேலியை!”

“பிடுங்கலாம் ஐயா. நாளைக்கு மந்திரி எல்லாத்தையும் பாப்பார்.”

“அப்ப நீட்டும்!”

நீட்டினார். நீட்டிய வேலிக்கும் மைத்துனர்கள் உளர் அன்றோ?

மந்திரி வந்தார். முடிவிலா வேலியைக் கண்டு காரை நிறுத்தினார். “இதற்குப் பின்னால் என்ன?” என்று வினவினார். அந்நேரம் பார்த்து ஐம்பது குசினிகளின் புகை வேலிக்கு மேலெழுந்தது.

சோமசேகரம் புகையை அண்ணாந்து பார்த்தார். பட்டம் அப்புகையோடு போய்க்கொண்டிருந்தது. “வீடமைப்புத் திட்டம், சேர்,” என்றார். “எங்கட குழுவின்ர.”

மந்திரி அவருடைய தோளைத் தட்டினார், நீரூற்றைத் திறந்தார். பட்டமும் வந்து சேர்ந்தது.

பட்டம் வந்த மறுநாட் காலை, நீரூற்றைச் சுற்றித் ‘திட்டத்தின்’ பெண்கள் குடங்களோடு நின்றனர். முன்னே நின்றவர் அபூதாஹிரின் மனைவி ஜெமீலா.

“இது அலங்காரத் தண்ணி! அள்ள ஏலாது!” என்று முழங்கினார் சோமசேகரம்.

“ஆகாசத்துக்குப் போய்ச் சும்மா விழுற தண்ணிதானே ஐயா? குடத்துக்குள்ள விழுந்தா அலங்காரம் குறைஞ்சிருமா?”

சமாதான நீதவானின் சமாதானம் குலைந்தது. அபூதாஹிர் மீண்டும் அழைக்கப்பட்டார்.

“இஞ்சயும் ஒரு வேலி கட்டும். நல்ல உயரமாய்.”

அபூதாஹிர் நீரூற்றைப் பார்த்தார். மனைவியின் வெறுங்குடத்தையும் பார்த்தார்.

“இந்த முறை ஆரை மறைக்க ஐயா?”

தம் பொதுவாழ்வில் முதன்முறையாக, சோமசேகரம் அவர்கள் உண்மை மொழிந்தார்:

“தண்ணியை.”