சேர்பியாக்காரருக்கு நான் போட்ட ஊர்ப் பாட்டு

லண்டனில் நம்மவர் அழைப்பிதழில் ஐந்து மணி என்று போட்டிருந்தால், ஐந்து மணிக்கு வந்து நிற்பது கேக் மட்டும்தான். (அதுவும் வெள்ளைக்காரன் கடைக் கேக் என்றால்.)

இரண்டாயிரங்களின் தொடக்கம். பிளேஸ்டோவில் ஒரு வாடகை மண்டபத்தில் அக்கா மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. பத்து மணிக்குப் பூட்ட வேண்டும். ஒன்பதரைக்கும் சனம் வந்துகொண்டிருந்தது. ஆலத்தியும் எடுக்கவில்லை, கேக்கும் வெட்டவில்லை. மண்டபக் காவலாளி மிலோஷ், ஐம்பது வயதுச் சேர்பியாக்காரர், சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, ஒரு மணித்தியாலம் கூடக் கேட்டுப் பாரடா. பிள்ளைக்கு ஒருக்காத்தானே இது."

"சும்மா இருங்கோ அக்கா, நான் வெட்டி விழுத்திறன்."

அன்றைக்குப் பாட்டுப் போட்டவன் நான். (டீ.ஜே. என்று நான் மட்டும் சொல்லிக்கொண்டேன்.) என்னிடம் ஒரு சேர்பிய ராப் சிடி இருந்தது. பெற்றோல் ஷெட்டில் என்னோடு ஷிப்ட் செய்த சேர்பியப் பெடியன் தந்தது. என்ன பாட்டு என்று கேட்டதற்கு, "எங்கட தெருவைப் பற்றினது" என்றிருந்தான். போதாதா? எங்கட ஆளுக்கு ஊர்ப் பாட்டுப் போட்டால் உருகிச் சட்டையையே கழற்றித் தருவான். மிலோஷ் ஒரு மணித்தியாலம் தரமாட்டாரா? இந்த மொக்கனின் கணக்கு அது.

போட்டேன். மண்டபம் அதிர்ந்தது. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட இறங்கினார், மாமிமார் கைதட்டினார்கள். மிலோஷ் மெல்ல வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் குந்தினார். நான் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத் திரும்பினால், ஐயோ, மனுசன் அழுகிறார்.

"ஊர் ஞாபகமோ?" என்று பல்லைக் காட்டினேன்.

"உனக்கு இது விளங்குதா?" என்றார் ஆங்கிலத்தில். இல்லையென்றேன். வரிவரியாகச் சொன்னார். மாடிக்கட்டடத்துக்குக் கீழே பெடியள் குந்துகிற ஒரு மர வாங்கு. அதில் இருந்த பெடியளில் ஒருத்தன் போதை ஊசி போட்டுச் செத்தான், ஒருத்தனைப் பொலிஸ் பிடித்து மறியலில், ஒருத்தனைச் சுட்டுப்போட்டார்கள். மிஞ்சினவன் தூள் விற்கிறான்.

"என்ர மகன் பெல்கிரேட்டில இப்பிடி ஒரு வாங்கிலதான் இருக்கிறான்," என்றார். சித்தப்பா அப்போதும் ஆடிக்கொண்டிருந்தார்.

நான் பாட்டை நிறுத்தினேன். மிலோஷ் கோலிங் கார்ட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை ரெலிபோன் பெட்டிக்குப் போனார். பத்து மணி தாண்டியது, பூட்ட ஆளில்லை. ஆலத்தி எடுத்தார்கள், கேக் வெட்டினார்கள், வீடியோக்காரன் எல்லாரையும் சிரிக்கச் சொன்னான். நான் என் கேக்கைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தார்.

"கதைச்சீங்களோ?"

"மணி அடிக்குது. எடுக்கிறானில்லை."

இன்றைக்கும் எங்கட வீட்டில் மண்டபம் எடுக்கிற கதை வந்தால், "நேரம் காணாட்டில் இவனைக் கூப்பிடுங்கோ, காவலாளியை அழவைச்சு ஒரு மணித்தியாலம் வாங்கித் தருவான்" என்று சித்தப்பா தொடங்கிவிடுவார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மிலோஷின் மகன் பிறகாவது போனை எடுத்தானா என்று கேட்கப் பயந்து, நான் அந்த மண்டபத்துப் பக்கமே போனதில்லை.