என் மகளின் தொண்ணூற்றெட்டும் உங்கள் மகனின் தொண்ணூற்றொன்றும்

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய சகலை அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. தொடங்கிவிட்டேன். ஆனால் நலமாக இல்லை. உங்கள் கொழுந்தியாளும் நானும் நான்கு நாளாகப் பேசிக்கொள்வதில்லை. குழம்பில் உப்பு குறைவு என்பதைக்கூட மகள் மூலமாகத்தான் சொல்லியனுப்ப வேண்டும்; மகளோ அறையை விட்டு வெளியே வருவதில்லை; ஆகையால் நான்கு நாளாக உப்பு குறைவாகவே இருக்கிறது. அங்கு உங்கள் நலத்தை விசாரிக்க அவசியமில்லை. நூறு பேர் வாசலில் நின்றால் ஐந்து பேரை மட்டும் உள்ளே விடுகிற கல்லூரியில் பையனுக்கு இடம் கிடைத்த வீட்டில் யாருக்கு என்ன குறை இருக்கப்போகிறது?

நீங்கள் அனுப்பிய இனிப்புப் பெட்டி வந்து சேர்ந்தது. மிக்க மகிழ்ச்சி. கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துவது என் இருபத்திரண்டு வருஷப் பிழைப்பு என்பதால் கை சும்மா இருக்கவில்லை, எடுத்துத் தராசில் வைத்துவிட்டேன். பெட்டியின் மேல் ஒரு கிலோ என்று அச்சடித்திருக்கிறது. பெட்டி, அதைக் கட்டிய நூல், உங்கள் வாழ்த்து அட்டை எல்லாம் சேர்த்தே தொள்ளாயிரத்து நாற்பது கிராம்தான் வந்தது. குறையாகச் சொல்லவில்லை, உங்கள் தகவலுக்காகச் சொல்கிறேன். இதைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் கொழுந்தியாள், "உங்களுக்குப் பொறாமை, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். எனக்கா? பொறாமையா? அன்றிலிருந்துதான் பேச்சுவார்த்தை இல்லை.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். பள்ளியின் கடைசி நான்கு வருஷமும் சேர்த்து என் மகளின் சராசரி தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஆறு. உங்கள் பையனுடையது தொண்ணூற்றொன்று புள்ளி இரண்டு. வித்தியாசம் ஏழு புள்ளி நான்கு. இவ்வளவு வித்தியாசம் ஒரு காய்கறிக்கடைத் தராசில் இருந்தால் கடையையே மூடச் சொல்லிவிடுவேன். ஒரு வருஷம் வேதியியலில் அவன் எழுபத்துநான்கு வாங்கினானே, நினைவிருக்கிறதா? அன்று உங்களுக்குப் போன் செய்து அரை மணி நேரம் ஆறுதல் சொன்னேன். வாழ்க்கையில் யாருக்கும் நான் அவ்வளவு சந்தோஷமாக ஆறுதல் சொன்னதில்லை. அந்தப் பையனுக்கு இடம் கிடைத்து என் மகளுக்குக் கிடைக்கவில்லை என்றால் எங்கோ கூட்டலில் பிசகு இருக்க வேண்டும், நேரில் கேட்டுவிடலாம் என்று அரை நாள் விடுப்புப் போட்டு, "வேண்டாம்ப்பா, விடுங்கப்பா" என்ற மகளையும் இழுத்துக்கொண்டு கல்லூரிக்கே போய்விட்டேன்.

அங்கே கண்ணாடிக் கதவு. தள்ள வேண்டிய கதவை நான் இழுக்க, உள்ளேயிருந்து வந்தவர் அதையே இழுக்க, நான் உள்ளே போய் விழுந்த வேகத்தில் கையிலிருந்த கோப்பு திறந்து, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்த மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் வழவழத் தரையில் வழுக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களின் காலடிக்குப் போய்விட்டன. போகட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்று நானும் மெதுவாகத்தான் பொறுக்கினேன். ஒரு அம்மாள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தெட்டா? பாவம். எங்க பொண்ணு தொண்ணூத்தொம்போது, அவளுக்கே இல்லேன்னுட்டாங்க" என்று நீட்டினாள். அப்போதுதான் கவனித்தேன், அந்த வரிசை முழுக்க என்னைப் போலவே கோப்பும் கையுமாக நின்ற பெற்றோர்கள்.

சேர்க்கை அதிகாரி சின்ன வயதுப் பெண். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். "மார்க் ரொம்ப முக்கியம்தான் சார். மார்க் இல்லாத விண்ணப்பத்த நாங்க ரெண்டாவது தடவ தொடுறதே இல்ல. ஆனா எடுத்து வச்சதுல எல்லார்கிட்டயும் மார்க் இருக்கே, என்ன செய்யிறது? அப்பதான் எந்தப் பாடம் படிச்சு அந்த மார்க் வாங்கினாங்கன்னு பார்ப்போம்" என்றார். விடுவேனா? "எந்தப் பாடமா இருந்தா என்னம்மா? ஒரு கிலோ பஞ்சும் ஒரு கிலோ இரும்பும் ஒரே எடைதானே?" என்று என் தொழிலிலிருந்தே எடுத்துப் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எடை ஒண்ணுதான் சார். எங்களுக்கு இரும்பு வேணும்" என்றார். பிறகு என் மகள் பக்கம் திரும்பி, "பொறியியல் கேட்டிருக்கீங்க. உங்க ஸ்கூல்ல சுலபமான பொதுக் கணக்கும் இருக்கு, கஷ்டமான உயர்நிலைக் கணக்கும் இருக்கு. நீங்க ஏம்மா பொதுக் கணக்க எடுத்தீங்க?" என்று கேட்டார். இவள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "உயர்நிலைக் கணக்கு எனக்குப் பிடிக்கல மேடம்" என்றாள். கேட்டீர்களா சகலை? பிடிக்கவில்லையாம்! இந்தக் காலத்துப் பிள்ளைகள் அவர்கள் இஷ்டத்துக்குத்தான் எதையும் செய்வார்கள், பெற்றவன் குறுக்கே நிற்க முடியுமா? உங்கள் பையன் அதே உயர்நிலைக் கணக்கை எடுத்து வெறும் எண்பத்துமூன்று வாங்கினான். அதற்குத்தான் இந்த மரியாதை.

போதாக்குறைக்கு, விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி எழுதி அனுப்பச் சொன்ன அந்தக் கட்டுரை. உங்கள் கடைக்குப் பழுதுபார்க்க வந்த வாஷிங் மெஷினை உங்கள் பையன் கழற்றி, திரும்ப மாட்டத் தெரியாமல், ஐந்து திருகாணி மிச்சம் வைத்து, ஓடவிட்டுக் கடை முழுக்கத் தண்ணீராக்கிய கதையை வெட்கமில்லாமல் எழுதி அனுப்பினானாமே? என் மகளின் கட்டுரையை நானே உட்கார்ந்து திருத்தினேன். நான்கு வருஷ மதிப்பெண்களையும் ஒன்றுவிடாமல் வாக்கியமாக மாற்றிக் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழை காட்ட முடியாது. அதை யாராவது முழுதாகப் படித்தார்களா என்பதுதான் சந்தேகம்.

சரி, மறைப்பானேன். வயிறு எரிகிறது சகலை. மாமனார் வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் இருபது வருஷமாக நீங்கள்தான் உட்காருகிறீர்கள், நான் பொறுத்துக்கொண்டேன். உங்களுக்கு முடி கொட்டவில்லை, அதையும் பொறுத்துக்கொண்டேன். மகளின் மதிப்பெண் ஒன்றுதான் உங்களைவிட எனக்குக் கூடுதலாக இருந்தது. அதையும் இப்படி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

ஆகவே, அடுத்த மாதம் பையனை வழியனுப்ப நாங்கள் வர இயலாது. எனக்கு அன்று வேலை இருக்கிறது. தேதி இன்னும் தெரியாது, ஆனாலும் வேலை இருக்கிறது. பையனுக்கு என் மனமார்ந்த ஆசிகள். நன்றாகப் படிக்கட்டும், ரொம்ப நன்றாக வேண்டாம். அவன் அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாட முயலும்
சகலை

பின்குறிப்பு: உறையை ஒட்டியபின் பிரித்து இதை எழுதுகிறேன். அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை என்று என் மகள் சொன்னது பொய். அதை அப்படியே நான் மேலே எழுதியது அதைவிடப் பெரிய பொய். பாடம் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் அவள் உயர்நிலைக் கணக்குக்குத்தான் குறி போட்டிருந்தாள். அதில் தொண்ணூறு தாண்டுவது கஷ்டம் என்று பள்ளியில் சொன்னார்கள். நான்தான் வெள்ளை மையால் அழித்துவிட்டுப் பொதுக் கணக்குக்குக் குறி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். "எண்பது வாங்கினாலும் பரவால்லப்பா, எனக்கு அதுதான் வேணும்" என்று சமையலறை வாசலில் நின்று அழுதாள். அந்த எண்பதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியிலிருந்து திரும்பும்போது பேருந்தில், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "அந்த மேடம் முன்னாடி உங்க முகத்தப் பாக்க முடியலப்பா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேறொரு கல்லூரியில் சேர்ந்து, முதல் வருஷமே அந்தக் கணக்கை எடுக்கப் போகிறாளாம். வழியனுப்ப மூவரும் வருகிறோம். உங்கள் பையனின் உயர்நிலைக் கணக்குப் புத்தகங்களை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். எவ்வளவு மார்க் வாங்கினாலும் கேட்க மாட்டேன் என்று அவளிடம் இன்று காலை கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். உள்ளேயிருந்து, "பெரியப்பா கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள். ஆகையால் நீங்கள் தயவுசெய்து கேட்காதீர்கள்.