ரசம் சிந்தாத ஜீப்

ஹைதராபாத்தின் வேகத்தடைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரே மனிதர் ஸ்பிரிங் அண்ணாச்சிதான். மௌலா அலி ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இருந்த சாதுவான ஒன்றுக்கு ‘சின்ன மாமா’ என்று பெயர். மல்காஜ்கிரியில் இடுப்பை முறிக்கும் ஒன்றுக்கு எங்கள் ஜெனரல் மேனேஜரின் பெயரை வைத்திருந்தார். பொருத்தம்தான் என்று ஆபீஸே ஒப்புக்கொண்டது.

மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் நானும் அவரும் ஒரே செக்‌ஷன். காலனியில் எதிரெதிர் வீடு. அவருக்கு ஊர் திருநெல்வேலி. எத்தனை வருஷம் இங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை, நடுவில் ‘வேண்டாம்’ என்பதற்கு ஹைதராபாத்காரர்கள் சொல்லும் ‘நக்கோ’ மட்டும் சேர்ந்துகொண்டது. அவரிடம் பாறை ஏறுவதற்கென்று உயர்த்தி வைத்த ஜீப் ஒன்று இருந்தது. அதில் ஏற வேட்டியை மடித்துக் கட்ட வேண்டும். இறங்கக் குலதெய்வத்தைக் கூப்பிட வேண்டும்.

“வே, வண்டியை எவன் வேணா தூக்கலாம்” என்பார். “ஸ்பிரிங்கை மட்டும் நீளமா போட்டுட்டு குலுக்கலை அடக்குத ஷாக் அப்சார்பர் பழசையே விட்டா, ஸ்பிரிங் எந்திரிக்கும், ஷாக் எட்டாம படக்குனு இழுக்கும். ஷாக்கையும் மாத்திட்டு மேல இருக்க ரப்பர் ஸ்டாப்பை மாத்தலைன்னா, பள்ளத்துல விழுந்ததும் ஷாக் முட்டி ஒடையும். ஸ்பிரிங் தாங்கணும், ஷாக் அடக்கணும், ஸ்டாப் ‘போதும்’னு சொல்லணும். மூணும் ஒத்துப் போவணும், கேட்டீரா?”

கேட்காமல் தப்பிக்க முடியாது. தண்ணீர் மோட்டார் விஷயமாகக் காலனிக் கூட்டத்தில் கைகலப்பு வரப் பார்த்தபோது எழுந்து, “இங்க எல்லாரும் ஸ்பிரிங்கா இருக்கீக. ஷாக் ஒருத்தரும் இல்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று புரிந்துகொள்ளும் முயற்சியில் சண்டை நின்றுவிட்டது.

ஆளைப் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்க மாட்டார். “என்ன எடை?” என்பார். பாரம் தெரியாமல் ஸ்பிரிங் போடக்கூடாதாம். பாரம் ஏற்றிப் பார்ப்பதற்காக, போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து வெங்காய மூட்டைகளை அள்ளி வருவார். சோதனை முடிந்ததும் வெங்காயம் வீடு வீடாக வரும். அந்த வாரம் எங்கள் காலனியில் பாயசம் மட்டும்தான் தப்பிக்கும்.

அவருடைய மனைவி பிசைந்து வைத்த சப்பாத்தி மாவும் ஆராய்ச்சிக்குப் போகும். ரப்பர் ஸ்டாப்புக்கு நேர் கீழே அச்சின் மேல் ஓர் உருண்டையை ஒட்டிவிட்டு வேகத்தடையில் ஏற்றி இறக்குவார். மாவு எவ்வளவு நசுங்கியதோ, அச்சு அவ்வளவு மேலே வந்திருக்கிறது என்று கணக்கு. ஒருமுறை மாவையே காணோம். “அடி பலம் வே! மாவு ஆவியாயிட்டு!” என்று கலவரப்பட்டு எல்லா ஸ்டாப்பையும் கழற்றி உயரமானதாகப் போட்டார். மறு வாரம் வண்டிக்கு அடியில் தெரு நாய் ஒன்று அடுத்த உருண்டைக்காகக் காத்திருந்தது.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த என் வீட்டில் சிரிப்பு நின்றது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் போவன்பள்ளியில் பிடித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் மனைவி சாவித்திரிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். நடக்கலாம், நிற்கலாம், ஆனால் குலுக்கல் கூடவே கூடாது என்றார் டாக்டர். போகும் வழியெல்லாம் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வாடகைக் காரில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தோம். சாதுவான அந்த ‘சின்ன மாமா’ வேகத்தடையையே தாங்காமல் அலறிவிட்டாள்.

“ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா?” என்றேன்.

“மக கல்யாணத்துக்கு ஆம்புலன்ஸ்ல போய் இறங்கறதா? நீங்க போங்க. தாலி கட்டறதை நான் போன்ல பாத்துக்கறேன்” என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விஷயம் அண்ணாச்சி காதுக்குப் போனது. நேரே வந்து சாவித்திரியிடம், “தாயி, என்ன எடை?” என்றார். யாரிடமும், டாக்டரிடம்கூட, ஒழுங்காகச் சொல்லாதவள், மறுபேச்சில்லாமல் சொன்னாள்.

அன்றே ஜீப்பைப் பிரித்துப் போட்டார். இரும்பு மாதிரி இருந்த ஸ்பிரிங் போய் மெத்தென்று ஒன்று வந்தது. அதற்கு ஏற்ற ஷாக், கடைசியில் மெல்ல அமுங்கித் தாங்குகிற ஸ்டாப். மூன்றையும் மாற்றி மாற்றி ஒத்திகை பார்த்தார். சோதனைப் பொருள் நான்தான். வெள்ளை பனியனோடு பின்சீட்டில் என்னை உட்கார வைத்து, மடியில் டம்ளர் நிறைய ரசம் கொடுப்பார்.

“தண்ணி போதாதா அண்ணாச்சி?”

“நக்கோ வே. தண்ணி காஞ்சுரும். ரசம்னா கறை நிக்கும், ரீடிங் எடுக்கலாம்.”

ஓட்டி முடித்ததும் பனியனை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் போவார். என்னிடம் இருந்த பனியன்கள் எல்லாம் மஞ்சளாயின. கடைசியில் ஒருநாள், தோண்டிய ரோடு முழுக்கப் போய்த் திரும்பியும் ரசம் சிந்தவில்லை. மகிழ்ச்சியில் அதை அவரே குடித்துவிட்டார்.

அவர் மனைவிதான் என்னிடம் மெல்லச் சொன்னார்: “வருஷம் பூரா தயார் பண்ணுன பாறை ஏறுத போட்டிக்கு இவுக போவலண்ணே. கல்யாணத்தன்னைக்கேதான் அது. வண்டி மெத்துனு ஆயிட்டு, இனி பாறை ஏறாதுன்னு இவுகளே சிரிக்காக.”

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், பலகைப் படி போட்டு சாவித்திரியை ஏற்றினோம். அண்ணாச்சி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், பிறகு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தாள். பாதி வழியில் கண்ணை மூடினாள். பயந்துபோய் மூக்கருகே கை வைத்தேன். தூங்கிவிட்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வலியில்லாமல் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

மண்டப வாசலில் மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி குதித்து ஓடி இரண்டு கையையும் விரித்தார். “கொஞ்சம் ஆகண்டி பாபு, நிறுத்துங்க! பொண்ணோட அம்மா தூங்குதாக!” மேளம் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா வெளியே வந்தார். அவரையும் உதட்டில் விரல் வைத்து நிறுத்தினார். மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் ஒரு ஜீப்பைச் சுற்றிச் சத்தமில்லாமல் நின்றார்கள்.

சாவித்திரி தானாகவே கண் விழித்து, பலகையில் கால் வைத்துச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். சம்பந்திக்கு அடக்க முடியவில்லை. “ஏம்மா, எங்களையெல்லாம் இந்த அதட்டு அதட்டறாரே, இவர் யாரு?” என்று கேட்டார்.

என் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஒரு கணம்கூட யோசிக்காமல், “பொண்ணுக்குத் தாய்மாமன்” என்றாள்.

மறுநாள் தாய்மாமன் செய்ய வேண்டியதையெல்லாம் அண்ணாச்சிதான் செய்தார். சம்பந்தி வீட்டில் இன்றுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. எங்கள் வீட்டிலும்தான்.