எட்டு ஏ பிரிவில் நூற்று இருபத்தாறு பேர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பாட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் போடுகிற டிஜே என்பவர் மேடையில் நின்று அப்படி என்னதான் செய்கிறார் என்று இதைப் படித்ததும் கேட்பீர்கள். அது எனக்கும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் என் மகளுக்கு, அதாவது உங்கள் மருமகளுக்கு, ஆசிரியை வேலை கிடைத்துவிட்டதாக எழுதியிருந்தேன். நீங்கள் அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டதாக அண்ணி ஃபோனில் சொன்னார். அது தவறு, தவறு என்னுடையது. இருபது வருடமாகப் பள்ளியில் கால அட்டவணை போடுகிறவள், மகளின் மேசையில் '8ஏ – 126, 9ஏ – 127, 10ஏ – 128' என்று ஒரு தாளைப் பார்த்தால் வேறென்ன நினைப்பாள்? ஒரே வகுப்பில் நூற்று இருபத்தாறு பிள்ளைகளா என்று ஆத்திரம் வந்து, சிவப்பு மையில் 'வகுப்பைப் பிரிக்கவும்' என்று எழுதியும் வைத்தேன். நேற்றுதான் அவள் அதைப் பார்த்தாள்.

"அம்மா, இது டெக்னோ மியூசிக். 8ஏங்கிறது பாட்டோட சுருதிக்கு ஒரு நம்பர். 126ங்கிறது நிமிஷத்துக்கு எத்தனை அடின்னு. எட்டுலேர்ந்து ஒன்பதுக்குப் போனா ரெண்டு பாட்டையும் ஒட்டின இடமே தெரியாது. எட்டுலேர்ந்து மூணுக்குத் தாவினா பல்லு கூசும்."

"அப்ப பாடம் யாரு எடுக்கறது?"

"யாருமே எடுக்கலம்மா."

இப்போதுதான் மற்றதெல்லாம் விளங்குகிறது. வாஷிங் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று விரலால் எண்ணிவிட்டு, இதைக் கொஞ்சம் வேகமாக ஓட்ட முடியுமா என்று அவள் கேட்டது, அவள் அப்பா, உங்கள் மாப்பிள்ளை, அவள் கொடுத்த நூற்று இருபத்தெட்டு அடிப் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போய், கால் நிற்காமல் மூன்று தெரு தாண்டி, திரும்பி வர வாடகை வண்டி பிடித்தது, எல்லாம் இதனால்தான்.

நாளை மாலை நான்கு மணிக்கு முதல் முறையாக ஒரு அரங்கில் எட்டுப் பாட்டுகளை ஒட்டப்போகிறாள். நன்றாகப் போனால் வாராவாரம் கூப்பிடுவார்களாம். நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஒரே ஒரு ஒட்டு என் காதுக்குத் தெரிந்தாலும் உங்கள் அலுவலகத்தில் காலியாக உள்ள இடத்துக்கு அவள் விண்ணப்பிக்க வேண்டும்.

"சரி. ஆனா நீயே வந்து கேக்கணும். ஒட்டு தெரிஞ்சுதான்னு அப்பாகிட்ட விசாரிக்கக் கூடாது" என்றாள்.

அடுத்த வகுப்பில் பேனா விழுந்தாலே எனக்குக் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சான்றிதழ் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் பிள்ளைகள் நல்ல புத்தியோடும் நல்ல தூக்கத்தோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் அந்த நாளையும் வந்துவிட்டது. ஒட்டுகளைக் குறித்துக்கொள்ளத் தாளும் பேனாவுமாகப் பின்னால் நின்றேன். முதல் பாட்டு முடிகிற வழியாக இல்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று. பெண்ணுக்குப் பயத்தில் கை ஓடவில்லை போலிருக்கிறது, அடுத்த பாட்டைப் போடேன் என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவரிடம், "இந்த முதல் பாட்டு எப்பங்க முடியும்?" என்று கேட்டேன்.

"அது முடிஞ்சு ரொம்ப நேரமாச்சுங்க. இது ஆறாவது" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். சான்றிதழ் நகல்களை உறையிலிருந்து எடுத்துவிட்டேன்.