காலோடு போகும் மெஷின்

"சார், மெஷினத் திருப்பிக் கொடுத்தாதான் டிஸ்சார்ஜ்னு சொல்லுது."

"யாரு?"

"கம்ப்யூட்டர்," என்றான் பில்லிங் கிளார்க்.

சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஆபரேஷன் புண்ணின் மேல் ஒரு கட்டு, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் தீப்பெட்டி மாதிரி ஒரு மோட்டார். புண்ணில் ஊறும் நீரை அது உறிஞ்சி எடுக்கும். வேலை முடிந்தால் குப்பைக்கூடைக்குப் போகவேண்டிய சாமான். அதைத்தான் கிளார்க் அவசரத்தில், ஆஸ்பத்திரி வாடகைக்குக் கொடுக்கும் பெரிய மெஷின் கணக்கில் ஏற்றியிருந்தான்.

"இப்பக் கழட்டினா புண்ணு என்ன ஆகும் தம்பி?" என்றார் பெரியவரின் மனைவி.

"கழட்ட வேணாம்மா. ஒரே நிமிஷம்."

'திருப்பித் தரவில்லை' என்று தட்டினான். திரை சிவந்தது, வாசலில் மணி அலறியது. வாசல் செக்யூரிட்டி மூச்சிரைக்க ஓடிவந்து பெரியவரின் பையைத் துழாவ ஆரம்பித்தார்.

"ஐயோ, அவர் திருடலண்ணே! கால்லதான் இருக்கு!"

"ஓஹோ, கால்ல கட்டிக்கிட்டே கடத்துறாரா?"

கிளார்க் அவசரமாகத் திரைப் பக்கம் திரும்பினான். மேனேஜர் போன வாரம்தான், "இன்னொரு தப்பு நடந்தா வீட்டுலயே இருந்துக்கோ" என்று சொல்லியிருந்தார். 'அப்புறப்படுத்தவும்' என்ற கட்டத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினான். அது மெஷினுக்கு நேராக விழாமல் நோயாளிக்கு நேராக விழுந்தது.

ஸ்ட்ரெச்சரும் வெள்ளைத் துணியுமாக இரண்டு வார்டு ஊழியர்கள் வந்து நின்றார்கள்.

"பாடி எங்க?"

பெரியவர் கையைத் தூக்கினார். "நான்தான்."

"எந்தப் பாவி பண்ணின சாஃப்ட்வேரோ!" கிளார்க் தலையில் அடித்துக்கொண்டான்.

பெரியவர் நாற்காலியை மெல்ல உருட்டி கவுண்டர் பக்கம் வந்தார். "பதறாதீங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு, பஞ்சு, ஊசி மாதிரி தூக்கிப் போடுற சாமான் கணக்குல ஏத்திப் பாருங்க."

ஏற்றினான். திரை பச்சையானது. பில் சரசரவென்று வெளியே வந்தது. செக்யூரிட்டி பையின் ஜிப்பை இழுத்து மூடி ஒரு சல்யூட் அடித்தார். ஸ்ட்ரெச்சர் காலியாகத் திரும்பிப் போனது. கிளார்க்குக்கு அப்போதுதான் போன உயிர் வந்தது.

"வேற யாராவதா இருந்தா இந்நேரம் மேனேஜர் ரூம்ல நின்னிருப்பாங்க. நீங்க கோவமே படலியே சார்!"

பெரியவர் சட்டென்று மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் மனைவி நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினார்.

"எந்த முகத்தோட கோவப்படுவாரு தம்பி? அந்த சாஃப்ட்வேர எழுதினதே இவருதானே!"