மீசை ஆயா துணி காயப்போட்ட நாள்

மீசை வைத்த ஆயா உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் தோட்டத்தில் இருந்தார். நோட்டன் பிரிட்ஜில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கட்டை தூரம் மலை ஏறினால் எங்கள் லயம், ஒட்டிக் கட்டின வரிசை வீடுகள். எட்டு வருடம் அங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாம் அந்த மீசையைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பழகின.

வெளியூர்க்காரர்களுக்குப் பிள்ளைக்காம்பரா தெரியாது. நாங்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் அறை அது. தகரக் கூரை, வரிசையாகத் தொட்டில், ஒரு அடுப்பு. பார்த்துக்கொள்ள ஒரு ஆயா. பழைய ஆயா நல்லதண்ணியில் மகன் போட்ட கடைக்குப் போனாள். யாத்திரை சீசன் முடிந்தும் திரும்பவில்லை. அதே மாதம் தேயிலை ஸ்டோரில் ஒரு ஆளுக்கு ரோலரில் மூன்று விரல் போனது. தொரை இரண்டு தொல்லையையும் ஒன்றாக முடித்தார். "நீ போ, புள்ள பாரு. கொஞ்ச நாள்" என்றார் அரைகுறைத் தமிழில். அந்தக் கொஞ்ச நாள்தான் எட்டு வருடம்.

அவர் பிள்ளைகளுக்கும் பெரட்டு வைத்தார். எங்களை வேலைக்கு வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது மாதிரி, தொட்டில் தொட்டிலாகப் பேர் கூப்பிடுவார். பிள்ளை கத்தினால் வந்திருக்கிறது என்று அர்த்தம். கத்தாத பிள்ளையை மறுபடி கூப்பிடுவார். நாங்கள் பால் கொடுக்கும்போது வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நிற்பார். நின்றபடியே, "தலையத் தூக்கிப் புடி. ஏப்பம் வந்துச்சா? எனக்குக் கேக்கலியே" என்பார்.

திங்கட்கிழமை பிள்ளைகளை நிறுப்பார். கொழுந்து நிறுக்கும் பழைய தராசு. ஈரக் கொழுந்துக்கு எடை கழிப்பது தோட்டத்து வழக்கம். இவர் பிள்ளைக்கும் கழித்தார்.

"பதினோரு றாத்தல். ஈரத்துக்கு ஒண்ணு போனா பத்து."

"எம் புள்ள என்ன கொழுந்துங்களா ஆயா?"

"கோமணத்தத் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லு தாயி."

தொட்டுப் பார்த்தேன். அவர் கழித்தது சரி.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் கொடி. பிள்ளைக்குப் பசித்தால் மலையில் நிற்கிற தாய்க்குத் தெரியாது. அதனால் ஆளுக்கு ஒரு துண்டுப் பழைய சேலை வாங்கிக்கொண்டார். யார் பிள்ளை பசித்து அழுகிறதோ அந்தத் துண்டை மூங்கிலில் ஏற்றுவார். எனக்குப் பச்சை. பக்கத்து நிரையில் பறிக்கும் காளியம்மாவுக்கு மஞ்சள். மலையிலிருந்து பார்த்தால் தெரியும். கொடி ஏறினவள் மட்டும் இறங்கலாம் என்று கங்காணியும் ஒத்துக்கொண்டார். ஒரு வருடம் நன்றாக நடந்தது.

ஒரு ஐப்பசியில் பத்து நாள் விடாமல் மழை. பதினோராம் நாள் வெயில். கொழுந்து கண்டபடி வளர்ந்து நின்றது. ரெண்டு நாளில் பறிக்காவிட்டால் முற்றிவிடும். முப்பது பேரும் நாலாம் நம்பர் மலையில் நின்றோம்.

காளியம்மா கீழே பார்த்தாள். "அடியே, உன் பச்சை ஏறியிருக்கு."

நானும் பார்த்தேன். பச்சை இருந்தது. மஞ்சளும் இருந்தது. சிவப்பு, ஊதா, கட்டம் போட்டது, எல்லாம் இருந்தது. முப்பது துண்டும் ஆடியது.

காம்பரா இடிந்துவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். நெருப்பு என்று இன்னொருத்தி. முப்பது பேரும் ஓடினோம். கூடை ஒரு பக்கம், கொழுந்து ஒரு பக்கம். கங்காணி பின்னால் ஓடிவந்து மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் விழுந்தார்.

கீழே மீசை ஆயா முழங்கை வரை சவர்க்கார நுரையோடு நின்றார். பின்னால் கொடியில் வரிசையாகத் துணி.

"என்ன எல்லாரும் வந்துட்டீங்க? மழை வருதா?"

"புள்ளைகளுக்கு என்னாச்சுங்க?"

"தூங்குது. கத்தாதீங்க."

"பின்ன ஏன் எல்லாத்தையும் ஏத்துனீங்க?"

அவர் திரும்பித் துணிகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. "நாறுச்சு. தொவைச்சேன்" என்றார்.

அதே நேரம் தொரை மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு பெண்ணும் இல்லை. கங்காணி மட்டும் கானுக்குள். தொரை அதை ஸ்ட்ரைக் என்று நினைத்தார். இல்லை, துணி துவைத்தது என்று சொன்னதும் கோபம் இரண்டு மடங்கானது.

"ஆயா வேலை பொம்பள வேலை. மீசை போ. நாளைக்கு வேற ஆள்."

வேலை போனால் லயக் காம்பராவும் போகும். தோட்டத்துச் சட்டம் அது. அவருக்குச் சொந்தம் இல்லை, வேறு ஊர் இல்லை. அந்தப் பத்தடிக் காம்பராதான் இருந்தது. சாயந்திரம் தகரப் பெட்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கினிகத்தேனையில் கடையில் ஏதாவது வேலை கேட்பேன் என்றார். மூன்று விரல் இல்லாதவருக்கு யார் கொடுப்பார்கள்.

மறுநாள் கங்காணியின் தங்கச்சி ஆயாவாக வந்து உட்கார்ந்தாள். நல்ல பிள்ளைதான். ஆனால் அவள் முன்னால் இருந்த தொட்டில் எல்லாம் காலி. நாங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டோம். முப்பது பிள்ளைகளும் கத்தின. தொரை பேசியது தொரைக்கே கேட்கவில்லை.

"என்னா இது?"

எல்லாரும் என்னை முன்னால் தள்ளினார்கள். எனக்குப் பேச வராது. "அவரு போனா காம்பரா போயிருங்க. அவருக்குப் போக எடம் இல்லைங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"அவன் மீசை இருக்கு."

காளியம்மா சொன்னாள்: "மீசையா பால் காய்ச்சுதுங்க தொரை? கைதானே காய்ச்சுது."

அந்த நேரம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் மீசை ஆயா பெட்டியோடு வந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே போட்டார். தொரை நிற்பதைப் பார்க்கவே இல்லை.

"பனியில புள்ளையக் கொண்டாந்தா சளி புடிக்காதா? ஒங்களுக்குப் புத்தி இருக்கா? இதுக்குத் தொப்பி எங்க? இது காலையில என்னா குடிச்சுச்சு?"

எங்களுக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தோம். ஒவ்வொருத்தியாகத் திட்டு வாங்கினோம். திட்டிக்கொண்டே பிள்ளைகளின் காதைச் சேலையால் மூடினார். கத்தல் ஒவ்வொன்றாக நின்றது. தொரை மலையைப் பார்த்தார். கொழுந்து நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மீசை, எல்லாம் கூட்டிட்டுப் போ. கொடி வேணாம். பத்து மணி, ரெண்டு மணி, எல்லாப் பொம்பளையும் பால் குடு." கங்காணியின் தங்கச்சியைத் தண்ணீர் தூக்க வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அதற்கு முன்னால் பால் கொடுக்க எங்களுக்கென்று நேரம் இருந்ததில்லை. துணி துவைத்ததில் கிடைத்தது.

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். அவர் கையில் கொடுத்தேன். மூன்று விரல் இல்லாத அந்தக் கையில் அவள் சரியாகப் பொருந்தினாள். கூடையை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். பத்து மணி வரை கீழே பார்க்கவே தோன்றவில்லை.